பளியரை அளந்த கோல்கள்

கல்லூரியில் இயற்பியல் படிக்க வரும் முதலாண்டு மாணவரின் கையில் நாங்கள் முதலில் கொடுக்கும் கருவி வெர்னியர் அளவி. கூடவே ஓர் உருளையையும் கொடுத்து அதன் விட்டத்தை அளக்கச் சொல்வோம். ஆர்வம் மிகுந்த மாணவர் உருளையை உடனே தாடைகளுக்கு இடையில் வைத்து அளவெடுக்கத் தொடங்கிவிடுவார். பழுத்த அனுபவமுள்ள ஆய்வக உதவியாளர் பக்கத்தில் நின்றபடி, "மொதல்ல வெறும் தாடையை மூடிப் பாருங்க தம்பி" என்பார். தாடைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாதபோது கருவி சுழியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியிலேயே கோளாறு இருக்கிறது என்று பொருள். இதற்குச் சுழிப்பிழை என்று பெயர்.

கைநடுக்கத்தாலும் கண் தவறுவதாலும் நேரும் பிழைகள் பல முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். சுழிப்பிழை அப்படிக் குறையாது. நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் ஒரே பக்கமாகத் தவறும். அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போவதால், விடை சரி என்ற நம்பிக்கையையும் அது ஊட்டிவிடும். அதுதான் அதன் ஆபத்து.

இந்தச் சிறு பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசகர்கள் என்னுடன் வேறொரு துறைக்குள் வர வேண்டும். பழங்குடி மக்களை அறிவியலின் பெயரால் அளந்த ஆய்வுகளே அத்துறை. நான் மானிடவியல் கற்றவன் அல்லன். ஆனால் அளவீடு எங்கள் தொழில். நூறாண்டுகளுக்கு மேலாக நம் பகுதி மலைகளில் வாழும் பளியரைப் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றில் சுழிப்பிழை எங்கே இருந்தது, அது எப்போது திருத்தப்பட்டது, இன்னும் திருத்தப்படாமல் கிடப்பது எது என்று பார்ப்போம்.

கீழே நின்று பார்க்கும் மலை

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை தெரியும். மேற்கே பழனிமலைத் தொடர் நீலக் கோடாக நீண்டு கிடக்கும். இம்மலைகளிலும், தேனி, விருதுநகர் மாவட்டங்களின் மலைச் சரிவுகளிலும் பளியர் வாழ்கின்றனர். இவர்கள் பேசுவது தமிழே. காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும், பாறை இடுக்குகளில் தேன் எடுத்தும், காட்டுப் பொருள்கள் சேகரித்தும் வாழ்ந்த மக்கள், இன்று பலர் காப்பி, வாழைத் தோட்டங்களில் கூலி வேலையும் செய்கின்றனர்.

சமவெளியில் இருக்கும் நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் பண்டங்கள் வழியான உறவு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பிரியாணியின் மணத்துக்குச் சேர்க்கும் கல்பாசியை எல்லோரும் அறிவர். அது வெறும் பாசி அன்று. பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று சார்ந்து கூடிவாழும் லைக்கன் என்னும் உயிர்க்கூட்டு. மலைக்காட்டு மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் மிக மெதுவாக வளர்வது. பழனிமலையில் அதைச் சுரண்டிச் சேகரிப்போரில் பளியரும் உண்டு. நம் சட்டியில் கல்பாசி வேகிறது. அதைச் சேகரித்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. கேட்டவர்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதே இனி நம் கேள்வி.

மூக்கை அளந்த காலம்

பழனிமலைப் பளியரைப் பற்றிப் பாதிரியார் டாமென் எழுதிய கட்டுரை 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய பெருநூல் ஏழு தொகுதிகளாக அச்சாயிற்று. தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். வழக்காறுகளைப் பற்றி அந்நூலில் உள்ள செய்திகள் இன்றும் பயன்படுகின்றன. அதனை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் தர்ஸ்டனுக்கு இன்னொரு நாட்டமும் இருந்தது. மக்களின் தலையையும் மூக்கையும் கருவியால் அளந்து அட்டவணை போடுவது. அக்காலத்தில் இது உயர்ந்த அறிவியலாக மதிக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சமூகப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்றே வாதிட்டவர். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். குறியெண் 70க்குக் கீழே என்றால் ஒடுங்கிய மூக்கு. 70 முதல் 85 வரை நடுத்தர மூக்கு. 85க்கு மேல் அகன்ற மூக்கு. இவ்வகைப்பாட்டைக் கொண்டு மக்களை இனம் பிரித்தார்கள்.

முதலாண்டு மாணவரின் கண்ணோடு இதைச் சோதித்துப் பார்ப்போம். ஒருவருடைய மூக்கின் உயரம் 47 மில்லி மீட்டர், அகலம் 39 மில்லி மீட்டர் என்று கொள்வோம். குறியெண் ஏறத்தாழ 83. அவர் நடுத்தர மூக்கினர். மூக்கு எஃகு உருளை அன்று, மெல்லிய தசை. கருவியின் தாடையைச் சற்றுத் தளர்த்திப் பிடித்ததால் அகலம் 40 என்று வந்தது. மேல்நுனி எங்கே தொடங்குகிறது என்பதில் சிறு ஐயம் எழுந்து உயரம் 46 என்று வந்தது. இப்போது குறியெண் 87. ஒவ்வோர் அளவிலும் ஒரே ஒரு மில்லி மீட்டர் மாறியது. மனிதர் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு மாறிவிட்டார்! இரண்டு அளவுகளின் பிழைகள் வகுத்தலின்போது ஒன்றுகூடும் என்பது எங்கள் மாணவர்கள் முதல் மாதத்திலேயே படிக்கும் விதி.

இது சீரற்ற பிழை. பலரை அளந்து சராசரி எடுத்தால் ஓரளவு சரியாகும் என்று யாரேனும் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சுழிப்பிழை வேறிடத்தில் இருந்தது. மூக்கு பிறப்பின் உயர்வு தாழ்வைக் காட்டும் என்ற முடிவு அளவெடுக்கத் தொடங்கும் முன்பே அளந்தவரின் மனத்தில் இருந்தது. 1923இல் தாம்சன், பக்ஸ்டன் என்னும் இருவர் உலகின் பல பகுதி மக்களின் அளவுகளை ஒப்பிட்டு, மூக்கின் வடிவம் அவ்வவ்விடத்து வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் இணைந்து மாறுவதைக் காட்டினர். 2017இல் வெளிவந்த மரபியல் ஆய்வு ஒன்றும் மூக்குத் துளையின் அகலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தது. உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. குளிர்ந்த, வறண்ட காற்றுக்கு ஒடுங்கிய வழி பொருத்தம். சூடான, ஈரமான காற்றுக்கு அகன்ற வழி போதும். அன்று அளந்தவர்கள், தங்களுக்குத் தெரியாமலே, காற்றின் வெப்பநிலையை அளந்து அதற்குச் சாதிப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேசாத மக்களா?

அடுத்த அளவுகோல் மிக நாகரிகமானது. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்தார். தமிழ் கற்றுக்கொண்டு, கூடவே நடந்து, கூடவே இருந்து கவனித்தவர். பளியர் வன்முறையை வெறுப்பவர்கள், போட்டியைத் தவிர்ப்பவர்கள், சச்சரவு முற்றினால் ஒருவர் ஒதுங்கிப்போய்விடுவார்கள், ஒருவரை ஒருவர் அடக்கியாள்வதை ஏற்காதவர்கள் என்றெல்லாம் அவர் எழுதியவை மதிக்கத்தக்கவை. 'காட்டுமிராண்டிகள்' என்ற பழைய வசைக்கு அவை சரியான பதில்.

ஆயினும் அவருடைய 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு கூற்று இடம்பெற்றது. பளியர் எப்போதும் மிகக் குறைவாகவே பேசுபவர்கள். நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ மௌனிகளாகவே ஆகிவிடுகிறார்கள். அதிகம் பேசுபவரை அவர்கள் விரும்புவதில்லை என்பது அதன் சாரம். செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள் என்றும், அவர்களுடைய அறிவு ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறிந்ததைவிட அவரவர் அனுபவத்தில் திரட்டியதே என்றும் அவர் விளக்கினார். இது உலகெங்கும் பரவியது. டெல் ஹைம்ஸ் போன்ற மொழியியல் அறிஞர்கள், மனிதச் சமூகங்கள் பேச்சைப் பயன்படுத்தும் முறை எவ்வளவு வேறுபடும் என்பதற்குப் பளியரையே சான்றாகக் காட்டினார்கள். நம் மலையடிவாரத்து மக்கள் உலகப் பாடநூல்களுக்குள் 'பேசாத மக்களாக' நுழைந்தார்கள்.

வாசகர்கள் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கல்வி அதிகாரி பார்வையிட வரும் நாள். அதுவரை சந்தைக்கடையாய் இரைந்த வகுப்பு அவர் உள்ளே வந்ததும் ஊசி விழுந்தால் கேட்கும்படி அடங்கிவிடுகிறது. கேட்ட கேள்விக்குத் தலையாட்டல். மிஞ்சினால் ஒரு சொல். அந்த அதிகாரி தம் குறிப்பேட்டில், 'இப்பள்ளி மாணவர்கள் பேசும் இயல்பு இல்லாதவர்கள்' என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? மின்சுற்றில் ஒரு மின்னழுத்தமானியை இணைத்தாலே அது சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. அளக்க வேண்டிய அழுத்தமே குறைந்துவிடுகிறது. கருவி நுழைந்ததால் வந்த மாற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் விடையைச் சொல்ல வேண்டும். வனக்காவலர், ஒப்பந்தக்காரர், தோட்டக் கங்காணி என்று வெளியாரிடம் தலைமுறை தலைமுறையாக வாயடக்கிப் பழகிய மக்கள், தாளும் பேனாவுமாக வந்த வெள்ளையர் முன் எப்படி இருந்திருப்பார்கள்? அன்பாகப் பழகியவர் கார்ட்னர். அன்பான கருவிக்கும் சுழிப்பிழை உண்டு.

கார்ட்னரைக் குறைசொல்லி இங்கேயே நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. அவர் இம்மக்களிடம் மீண்டும் மீண்டும் வந்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்தே வேறு. பளியர் காட்டு வாழ்க்கைக்கு ஒரு முறையும், சமவெளியாரோடு பழக இன்னொரு முறையும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும் திறமை உடையவர்கள் என்பது அது. திரும்பி வந்து மறுபடி அளப்பவரே நல்ல ஆய்வாளர். 2003இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த கிறிஸ்டர் நார்ஸ்ட்ரோமின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பழனிமலைப் பளியர் வனப்பொருள் ஒப்பந்தக்காரரோடும் அரசு அலுவலரோடும் எப்படிச் சமாளித்துத் தம் விருப்பப்படி வாழும் உரிமையைக் காத்துக்கொள்கிறார்கள் என்று அது ஆராய்ந்தது. அதன் தலைப்பே 'அவர்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள்' என்று பொருள்படுவது. பேசாதவர்கள் என்று 1966இல் பதிவானவர்கள், 2003இல் ஆராய்ச்சி நூலின் தலைப்பிலேயே 'எங்களை' என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். மக்கள் அன்றும் பேசினார்கள். மாறியது கேட்ட காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருத்தம் வர 34 ஆண்டுகள் ஆயின. முதற்கூற்று பரவிய வேகத்தில் திருத்தம் பரவவும் இல்லை.

செடிகளின் பட்டியல்

இக்காலத்தில் பளியரைப் பற்றி மிகுதியாக வரும் ஆய்வுகள் மூலிகை பற்றியவை. இன்னாசிமுத்து, அய்யனார் முதலியோர் தேனி மாவட்டப் பளியரின் மூலிகைகளைப் பற்றி 2008இல் எழுதிய கட்டுரை போன்றவை நன்கு அறியப்பட்டவை. ஒரு தலைமுறையோடு மறைந்துபோகக்கூடிய அறிவை எழுத்தில் பிடித்துவைப்பது பெரும்பணி, ஐயமில்லை. என் குறை இந்த வகை எழுத்தின் அமைப்பைப் பற்றியது. செடியின் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி, தீரும் நோய் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையே பெரும்பாலும் முழு ஆய்வாகிவிடுகிறது. எந்தப் பருவத்தில் பறிப்பது, எதனோடு சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவை கட்டத்துக்குள் அடங்காததால் வெளியே நின்றுவிடுகின்றன. நோயாளியைப் பார்த்து அளவை மாற்றும் வைத்தியரின் அறிவு, செடியின் பெயராகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்த படி ஆய்வகச் சோதனை. 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பளியர் பயன்படுத்தும் 18 மூலிகைகளைக் கிருமிகளுக்கு எதிராகச் சோதித்தது. இத்தகைய சோதனையில் ஹெக்சேன், மெத்தனால் போன்ற கரைப்பான்களில் செடியை ஊறவைத்துச் சத்தைப் பிரித்து, கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். சுற்றிலும் கிருமி வளராத வட்டம் தோன்றினால் சாறு வேலை செய்கிறது என்பார்கள். முதற்கட்டச் சோதனையாக இது சரியே. ஆனால் பளியர் வீட்டில் ஹெக்சேன் இல்லை. அவர்கள் அரைத்துப் பூசுகிறார்கள். நீரில் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்கள். எண்ணெய்ப்பசை உள்ளவற்றைக் கரைக்கும் ஹெக்சேன் ஒரு கூட்டப் பொருள்களைப் பிரிக்கும். நீர் வேறொரு கூட்டத்தைப் பிரிக்கும். ஆகவே வட்டம் தோன்றினாலும் பளியர் மருந்து மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. தோன்றாவிட்டாலும் பொய்ப்பிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஒரு கேள்வியைக் கேட்டு வேறொரு கேள்விக்கான விடையைக் குறித்துக்கொள்வது இது.

அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டா என்பது இன்னொரு கேள்வி. இதற்கு நம் தெற்கு எல்லையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு நடந்து களைத்தபோது, உடன் வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் கனிகளைத் தின்னக் கொடுத்தார்கள். களைப்பு நீங்கியது. ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகையிலும் மருந்து விற்பனையில் கிடைக்கும் உரிமைப் பங்கிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. அதிலும் குறை உண்டு. காணி மக்கள் எல்லோரையும் கலந்து செய்யவில்லை என்ற எதிர்ப்பு அவர்களிடமிருந்தே எழுந்தது. ஆனாலும் அறிவுக்கு உரியவர் உண்டு என்பதை ஏட்டில் ஏற்றிய முயற்சி அது. நாட்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதன்பின் 2002இல்தான்.

சரியான அளவு, திரும்பாத விடை

இதுவரை பிழையான அளவுகளைப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தும் பயன் கிட்டாமற்போன கதை ஒன்றுண்டு. அது நீலகிரியில் நடந்தது.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் தன்மை அவர்களிடையே இருப்பதை வெளியிட்டார்கள். இந்தியாவில் இதைப் பற்றிய முதல் அறிக்கைகளுள் அது ஒன்று. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் புரதச் சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் வருவது இந்நோய். உயிர்வாயு குறையும்போது அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. தாய் தந்தை இருவரிடமும் இம்மரபணு ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு துளி இரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம்; கண்டுபிடித்தால் வலியையும் சாவையும் வெகுவாகக் குறைக்கலாம்.

ஆனால் அந்த ஆய்வில் மேலோங்கி நின்றது இந்த மக்கள் எந்த இனத் தொடர்பினர் என்ற வினா. நோயுற்ற குழந்தை அடுத்து என்ன செய்யும் என்ற வினா பின்னுக்குப் போயிற்று. கூடலூரில் ஆதிவாசிகளுக்கான அஸ்வினி மருத்துவமனை போன்றவை பிற்காலத்தில் தம்மளவில் சோதனையும் சிகிச்சையும் செய்து வந்தன. அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்டது. 1952க்கும் 2023க்கும் இடையே 71 ஆண்டுகள். ஆய்விதழில் விடை அச்சேறி மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிட்டன. இதை அறிவியலின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா?

பெயரிலேயே பிழை

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்துத் தனித்தனி எண்களோடு நிற்கின்றன. கேரளப் பட்டியலில் இவை ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. எழுத்துக் கூட்டல் மாறியதால் ஒரு மக்கள் மூன்றாகிவிட்டால், எண்ணிக்கையும் மூன்றாகச் சிதறும். எண்ணிக்கை சிதறினால் தேவையும் சிறிதாகத் தெரியும்.

சராசரியிலும் இந்த மயக்கம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு. இடைவெளியே போதுமான கவலை. ஆனால் மாநிலத்தின் ஏறத்தாழ 7 இலட்சத்து 95 ஆயிரம் பழங்குடியினரில் மிகப் பெருந்தொகையினர் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிகள். சராசரி பெரும்பாலும் அவர்களுடைய நிலையையே காட்டும். சில ஆயிரம் பேர் கொண்ட மக்களின் நிலை அதற்குள் மறைந்துவிடும். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு தமிழ்நாட்டில் ஏற்றுள்ளவை ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பளியர் அதில் இல்லை. அவர்களுக்கென 2023இல் தொடங்கிய தனித் திட்டமும் ஆகவே பளியர் குடிக்கு வராது. இங்கே அளவுகோலின் பிழை, வராத வீடாகவும் வராத சாலையாகவும் மாறுகிறது.

ஒரு கிழவியின் சுழித் திருத்தம்

நானும் இந்தப் பிழையைச் செய்தவன் என்பதை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களோடு மலைக் குடியிருப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அச்சிட்ட படிவங்களோடு வீடு வீடாகச் சென்றோம். பெயர், வயது, தொழில், வருமானம், நோய் என்று வழக்கமான கேள்விகள். ஒரு மூதாட்டி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுந்தபோது கேட்டார்: "போன தடவ வந்த பிள்ளைகளும் இதையேதான் கேட்டுச்சுக வாத்தியாரே. எழுதுனத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. சரியா எழுதியிருக்கீகளான்னு பாக்குறேன்."

வாசித்தேன். தொழில்: கூலி. அவர் தலையை அசைத்தார். தேன் காலத்தில் தேன், கிழங்கு காலத்தில் கிழங்கு, தோட்டத்தில் கூப்பிட்டால் கூலி. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. வீட்டில் நோயாளி: இல்லை. உள்ளே மகள் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள். அறிமுகமில்லாத இளைஞர்கள் முன் அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. வயது: அறுபது. அவர் சொன்னது மாணவனின் ஊகத்துக்குத் தலையாட்டியது மட்டுமே. ஒரே படிவத்தில் மூன்று பிழைகள். அவர் கேட்டிராவிட்டால் அவை மூன்றும் தரவுகளாகியிருக்கும். முந்தைய ஆண்டுப் படிவங்கள் ஒரு கட்டாக எங்கள் அலமாரியில் கிடந்ததைத் திரும்பி வந்து பார்த்தேன். அவற்றை யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

எங்கள் ஆய்வக உதவியாளர் சொல்லும் "மொதல்ல மூடிப் பாருங்க" என்பதைத்தான் அந்த மூதாட்டியும் சொன்னார்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் ஹவசுபாய் என்னும் சிறு பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய், குடிப்பெயர்ச்சி ஆகிய வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது பின்னர் அவர்களுக்குத் தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய இரத்த மாதிரிகளையும் திருப்பி அளித்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், தங்களை ஆராய வருவோருக்குத் தாங்களே ஒழுக்க நெறிகள் எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவை அதன் தூண்கள்.

நம் நாட்டுச் சட்டமே இவ்வகையில் நம் ஆய்வுகளைவிட முன்னே நிற்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை எழுதிவைத்தால் அது நில உரிமைக்கான சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்படும். மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்பதையும் அச்சட்டம் சொல்கிறது. சட்டம் சான்றாக ஏற்கும் சொல்லை அறிவியல் சரிபார்ப்பாக ஏற்கக் கூடாதா?

மக்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் கசப்பான உண்மைகள் வெளிவராமற்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆராயப்படுவோரும் மனிதர்களே, அவர்களும் தவறலாம், மறைக்கலாம். ஆனால் நான் கேட்பது தடைபோடும் அதிகாரம் அன்று. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். ஒத்துக்கொண்டால் ஆய்வுக்கு வலிமை. மறுத்தால் அந்த மறுப்பையும் பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டு அளவுகள் வேறுபட்டால் இரண்டையும் குறித்துக்கொண்டு காரணம் தேடுவதுதானே எங்கள் செய்முறைப் பாடம்?

திண்டுக்கல் வட்டாரத்தில் கல்லூரிகளும், காந்திகிராமம் போன்ற கிராமிய உயர்கல்வி நிறுவனமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் திட்டக் கட்டுரைக்காக மலையேறுகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஆய்வு முடிந்ததும் இரண்டே பக்கத்தில் எளிய தமிழில் முடிவை எழுதி, அந்தக் குடியிருப்பிலேயே கூட்டிவைத்து வாசியுங்கள். அறிவைக் கொடுத்தவர் விரும்பினால் அவர் பெயரைக் கட்டுரையில் சேருங்கள். அங்கே பள்ளியிறுதி படித்த இளைஞர் இருந்தால், வழிகாட்டியாக மட்டும் கூட்டிச் செல்லாமல் உடன் ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளைத் தயாரிக்கும்போதே அவர் அருகில் இருக்கட்டும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டாம். புதுக் கருவி வேண்டாம். போன மலைக்கு இன்னொரு முறை ஏற வேண்டும்; அவ்வளவே. இந்த ஆண்டு முகாமுக்கு நாங்கள் போகும்போது அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய கட்டையும் எடுத்துப் போகப் போகிறோம். அதில் எத்தனை பிழைகள் இருக்கின்றன என்று அந்த மூதாட்டி சொல்லட்டும். புதிய படிவத்தை அதன்பிறகு பிரிப்போம்.